வாத்தும் கோழியும் ஒரே குட்டையில்: விடலாமா, கூடாதா?

ஆறாம்நம்பர்_லயம் (தொடங்கியவர்)
எல்லாருக்கும் வணக்கம். சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவுல நம்ம பழைய தோட்டத்து லயத்துக்குப் பின்னால இருக்கிற, முன்ன ஈயம் தோண்டின குட்டை உங்களுக்குத் தெரியும். அம்மா அந்தக் கரையிலதான் 14 வாத்தும் நாற்பது சொச்சம் கம்பத்துக் கோழியும் (நாட்டுக்கோழி) வளர்க்கிறாங்க. தோட்டத்துல ரப்பர் பால் வெட்டின காலத்துல இருந்து வளர்க்கிறாங்க. இப்பவும் அந்த முட்டைக் காசுலதான் கைச்செலவு பார்க்கிறாங்க.

போன வியாழக்கிழமை காலைல கூட்டைத் திறந்தப்ப 11 கோழி செத்துக் கிடந்துச்சு. கண்ணு வீங்கி, பச்சையா கழிஞ்சிருந்துச்சு. நோயில விழுந்ததுல ஒரு பெட்டைக்கு மட்டும் இன்னும் உயிர் இருந்துச்சு. கழுத்து முறுக்கி, வானத்தைப் பார்த்த மாதிரி தலையைத் திருப்பிக்கிட்டு நின்ன இடத்துலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. அம்மா அதை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. சனிக்கிழமைக்குள்ள 29 போச்சு. வாத்து ஒன்னுக்கும் ஒன்னும் ஆகல, வழக்கம் போல குட்டையில நீந்துது.

ஹைவான் ஆபீஸ்ல, அதான் கால்நடை இலாகாவுல, சொல்லிட்டோம். வந்து தொண்டையிலயும் கழிவாயிலயும் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதுக்குள்ள நம்ம தாமான் (குடியிருப்பு) சங்கத்துல, இந்த வட்டாரத்துல இனி யாரும் வாத்து வளர்க்கக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை தீர்மானம் போடப் போறாங்களாம். இது நியாயமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குட்டைக்கரை_அண்ணன்
தங்கச்சி, தீர்மானத்தை எழுதினது நான்தான். அதனால நானே பதில் சொல்றேன். அம்மா மேல எனக்கு மரியாதை உண்டு. அவங்க கையால சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனா 2004-ல கிளந்தான் தும்பாட்ல பறவைக் காய்ச்சல் வந்துச்சு. 2006-ல சிலாங்கூர், பேராக், பினாங்குன்னு மூணு மாநிலத்துல. 2007-ல சுங்கை பூலோ பாயா ஜெராஸ்ல. பாயா ஜெராஸ் இங்கிருந்து எவ்வளவு தூரம்? மோட்டார்லயே போய்ட்டு வரலாம். அங்க சுத்துவட்டாரத்துல வீட்டுக்கு வீடு கோழி, வாத்து எல்லாத்தையும் பிடிச்சு அழிச்சாங்க. ஒரு வீட்டுல வந்துச்சுன்னா எல்லா வீட்டுக்கும்தான் நஷ்டம்.

செத்தது கோழி, சாகாதது வாத்து. அப்ப யார் கொண்டு வந்தது? குட்டையில காட்டு வாத்து இறங்குது. மலாய்க்காரங்க பெலிபிஸ்னு சொல்வாங்களே, அது. நம்ம வாத்து அதோட நீந்திட்டுச் சாயங்காலம் கோழிக் கூட்டுக்கு வருது. வாத்தை எடுத்துட்டா பாலமே உடைஞ்சிடும். இதுல பாவ புண்ணியம் பேசி ஒன்னும் ஆகப்போறதில்ல.

பால்காரர்_மகன்
அண்ணே, எங்க தாத்தா காலத்துல லயத்துக்கு லயம் மாடு, ஆடு, கோழி, வாத்து எல்லாம் இருந்துச்சு. கிராணி வீட்டுல வான்கோழி கூட இருந்துச்சு. யாருக்கு என்ன ஆச்சு? இந்தப் பறவைக் காய்ச்சல்ங்கிற பேரே நாம கேள்விப்பட்டது எப்போ? ஒரே கொட்டகையில இருபதாயிரம் முப்பதாயிரம் கோழி அடைச்சு வளர்க்க ஆரம்பிச்ச பிறகுதான். அங்க இருந்து லோரி லோரியா போற எருவும் கூண்டும் யார் கண்ணுக்கும் தெரியல. கிழவி வளர்க்கிற 14 வாத்துதான் தெரியுதா?

தோட்டத்தை வித்தான், நம்மள லயத்தை விட்டு எழுப்பினான், மாட்டை மேய்க்க இடமில்லன்னான். இப்ப வாத்தும் கூடாதுன்னு நம்ம ஆளே தீர்மானம் போடுறதைப் பார்க்க வயிறு எரியுது.

லேப்_அக்கா
தம்பி, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நானும் தோட்டத்துல பிறந்தவதான். ஆய்வுக்கூடத்துல இருபது வருஷமா இதே மாதிரி பஞ்சுக் குச்சிகளைப் பரிசோதிக்கிறேன். அண்ணனும் பாதி சரி, நீங்களும் பாதி சரி. ரெண்டு பாதியும் எங்க ஒட்டுதுன்னு சொல்றேன்.

இன்ஃபுளுவென்சா ஏ வைரஸுக்குச் சொந்த வீடு நீர்ப்பறவைகள். வாத்து, கூஸ் வாத்து, கடற்கரையில வர்ற உள்ளான், கடல்காக்கை இதுங்கதான். வைரஸோட மேல்தோல்ல இருக்கிற ரெண்டு புரதத்தை வெச்சு எச் இத்தனை, என் இத்தனைன்னு பேர் வைப்பாங்க. எச்-ல 1 முதல் 16 வரைக்கும், என்-ல 1 முதல் 9 வரைக்கும் இந்தப் பறவைகள்ல இருக்கு. அதுங்களுக்கு இது காய்ச்சலே இல்ல. வைரஸ் குடல்ல தங்கும், எச்சத்துல வெளியேறும், தண்ணியில கலக்கும், அடுத்த வாத்து அந்தத் தண்ணியைக் குடிக்கும். வாத்து நோயில படுத்தா நீந்தாது, பறக்காது, வைரஸும் அடுத்த குட்டைக்குப் போகாது. ரொம்ப காலமா ஒன்னை ஒன்னு கெடுத்துக்காம வாழ்ந்து பழகியிருக்கு. ஆக, வாத்து நல்லா நீந்துதுங்கிறதை வெச்சு அது சுத்தம்னும் சொல்ல முடியாது, அதுதான் குற்றவாளின்னும் சொல்ல முடியாது.

கோழி கதை வேற. இந்த வைரஸ் ஒரு செல்லுக்குள்ள போகணும்னா, அதோட எச் புரதத்தை ஒரு இடத்துல வெட்டிவிடணும். வெட்டு விழலன்னா நுழைய முடியாது. சாதாரண வகைகளை வெட்டக்கூடிய நொதி குடல்லயும் மூச்சுக்குழாய்லயும் மட்டும்தான் இருக்கு. அதனால வைரஸ் அந்த ரெண்டு இடத்தோட நின்னுடும். கோழி கொஞ்சம் தூங்கி வழியும், முட்டை குறையும், அவ்வளவுதான். ஆனா எச்5, எச்7 ரெண்டு வகைக்கு மட்டும் ஒரு கெட்ட வாய்ப்பு இருக்கு. கோழிக் கூட்டத்துக்குள்ள சுத்திச் சுத்திப் பெருகும்போது அந்த வெட்டுற இடத்துல சில அமினோ அமிலங்கள் கூடுதலா சேர்ந்துடும். சேர்ந்தா உடம்பு முழுக்க எல்லா உறுப்புலயும் இருக்கிற இன்னொரு நொதியே அதை வெட்டிடும். அப்புறம் இதயம், மூளை, ஈரல் எல்லாத்துலயும் வைரஸ்தான். கொண்டை நீலமாகி, ராத்திரி நல்லா இருந்த கோழி காலைல கிடக்கும்.

பால்காரர்_மகன்
அப்ப நான் சொன்னதைத்தானே அக்கா சொல்றீங்க? வாத்து கொடுக்கிறது சாதுவான வைரஸ். அதைக் கொலைகாரனா மாத்துறது கோழிக் கூட்டம். கூட்டம் பெரிசா எங்க இருக்கு? கொட்டகையில.

லேப்_அக்கா
பெரும்பாலும் ஆமா. 1983-ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல அதுதான் நடந்துச்சு. ஏப்ரல்ல கோழிப் பண்ணைகள்ல ஒரு சாதுவான எச்5என்2 சுத்திச்சு. யாரும் பெரிசா எடுத்துக்கல. அக்டோபர்ல அதே வைரஸ் கொல்ல ஆரம்பிச்சுது. சுமார் 1 கோடியே 70 லட்சம் பறவைகளை அழிச்சுத்தான் நிறுத்தினாங்க. அந்த ஆறு மாசமும் அது கொட்டகைக்குள்ளதான் இருந்துச்சு.

ஆனா அதோட முடியல தம்பி. 1996-ல சீனாவுல குவாங்டோங்ல ஒரு கூஸ் பண்ணையில கிடைச்ச எச்5என்1-ஓட வாரிசுகள் திரும்பவும் காட்டுப் பறவைக்குள்ள போயிடுச்சு. கொட்டகையில மாறினது குட்டைக்கே திரும்பி வந்துச்சு. அந்த வாரிசுகள்ல சில வகை பல வாத்துகளைக் கொல்லாது, ஆனா எச்சத்துல வெளியே வரும். தாய்லாந்துல 2004-ல நெல் அறுத்த வயல்கள்ல மேயவிடுற வாத்துக் கூட்டங்கள் இருந்த இடத்துலதான் நோய் அதிகமா தங்கியிருந்துச்சு. அந்த விஷயத்துல அண்ணன் பயப்படுறது வீண் பயம் இல்ல. நமக்குப் பக்கத்துலயே கோல சிலாங்கூர் கரையில செப்டம்பர்ல வந்து ஏப்ரல் வாக்குல திரும்புற உள்ளான் கூட்டம் சைபீரியாவுல இருந்து வருது.

குட்டைக்கரை_அண்ணன்
இதைத்தான் நானும் சொல்றேன். அப்ப எடுத்துடலாமே.

பெலண்டோக்_பையன்
நான் இங்க அதிகம் எழுதுறதில்ல. இதைப் படிச்ச பிறகு எழுதாம இருக்க முடியல.

நாங்க நெகிரி செம்பிலான் புக்கிட் பெலண்டோக் பக்கம். 1998 கடைசியில எனக்கு ஒன்பது வயசு. அப்பா ஒரு சீனரோட பன்றிப் பண்ணையில வேலை பார்த்தார். பன்றிகள் இருமுற சத்தம் ராத்திரியில எங்க வீடு வரைக்கும் கேட்கும், நாய் குரைக்கிற மாதிரி. ஆளுங்களுக்குக் காய்ச்சல் வந்து நினைவு தப்ப ஆரம்பிச்சப்ப, கொசு மூலமா வர்ற ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு சொன்னாங்க. ஊர் முழுக்கப் புகை அடிச்சாங்க. எங்களுக்கெல்லாம் ஊசி போட்டாங்க. கொசுதானே, பன்றியைத் தொட்டா என்னன்னு அப்பா தினமும் வேலைக்குப் போனார். 1999 மார்ச்ல மலாயாப் பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் வைரஸைப் பிரிச்செடுத்த பிறகுதான் அது வேற நோய்னு தெரிஞ்சுது. பழந்தின்னி வௌவால்ல இருந்து பன்றிக்கு, பன்றியில இருந்து மனுஷனுக்கு. சுங்கை நீப்பா கிராமத்தோட பேரையே அந்த நோய்க்கு வெச்சாங்க. நாட்டுல 265 பேருக்கு வந்து 105 பேர் போனாங்க. ராணுவம் வந்து பத்து லட்சத்துக்கும் மேல பன்றிகளைக் கொன்னுச்சு. அப்பா பிழைச்சார், ஆனா பழைய அப்பாவா திரும்பல.

நான் சொல்ல வர்றது ஒன்னுதான். பேரைத் தப்பா வெச்சிட்டு அந்தப் பேருக்கு வைத்தியம் பார்த்ததுலதான் எங்க ஊர்ல மூணு மாசம் போச்சு. இங்க இன்னும் ரிசல்ட்டே வரல. அதுக்குள்ள பறவைக் காய்ச்சல்னு முடிவு பண்ணி வாத்தை எடுக்கிறீங்க. அது இல்லன்னா, உண்மையான காரணம் அங்கேயேதான் இருக்கும்.

லேப்_அக்கா
தம்பி எழுதினதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்னும் செய்ய முடியல. அப்பாவை நல்லா பார்த்துக்குங்க.

அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. நீப்பா இன்ஃபுளுவென்சா இல்ல, வேற குடும்பம். ஆனா பாடம் ஒன்னுதான். ஆறாம்நம்பர் தங்கச்சி எழுதின அடையாளங்கள், அதாவது கண் வீக்கம், பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கு, இது கோழிக்கு வர்ற இன்னொரு வைரஸ் நோயான வெள்ளைக்கழிச்சலுக்கும் பொருந்தும், பறவைக் காய்ச்சலுக்கும் பொருந்தும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கண்ணால பார்த்துப் பிரிக்க முடியாது. பரிசோதனைதான் பிரிக்கும்.

குட்டைக்கரை_அண்ணன்
சரி, ரிசல்ட் வரட்டும். ஆனா எனக்கு முக்கியக் கவலை கோழி இல்ல. லயத்துல இருபத்தேழு பிள்ளைங்க இருக்கு. மனுஷனுக்கு வருமா, வராதா? நேரா சொல்லுங்க.

லேப்_அக்கா
சுலபமா வராது. வந்தா கொடுமையா இருக்கும்.

ஏன் சுலபமா வராதுன்னா, வைரஸ் செல்லைப் பிடிக்கிறது அதோட மேல இருக்கிற சியாலிக் அமிலம்ங்கிற ஒரு சர்க்கரையை. பறவைக் குடல்ல அந்தச் சர்க்கரை ஒட்டியிருக்கிற முறை வேற, ஆல்பா 2,3-ன்னு சொல்வோம். நம்ம மூக்கு தொண்டையில அதிகமா இருக்கிறது ஆல்பா 2,6. பறவை வைரஸுக்கு நம்ம மூக்குல சரியா பிடி கிடைக்காது. ஆனா நுரையீரலோட அடியில பறவை வகைப் பிடி இருக்கு. அங்க வரைக்கும் போற அளவுக்கு நிறைய மூச்சுல இழுத்தா, நோய் அங்கேயே ஆரம்பிக்கும். அதனாலதான் வந்தவங்களுக்கு நேரா நிமோனியா வருது, ஆனா அவங்க இருமல்ல இருந்து அடுத்தவங்களுக்கு அவ்வளவா பரவல. சூடும் ஒரு தடை. கோழி உடம்பு 41 டிகிரி. நம்ம மூக்கு 33 தான். அந்தச் சூட்டுல பழகின வைரஸ் இங்க வந்தா வேலை மந்தமாகும். அதுக்கும் ஒரு மாற்றம் தேவை.

1997-ல ஹாங்காங்ல எச்5என்1 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தாங்க. நம்ம நாட்டுல 2004, 2006, 2007-ல கோழிகளுக்கு வந்தப்ப ஒரு மனுஷனுக்கும் வரல. பயப்பட வேண்டிய இடம் குட்டை இல்ல அண்ணே. செத்த கோழியை வெறுங்கையில தூக்கி, சுடுதண்ணியில முக்கி, இறகு பிடுங்கிச் சுத்தம் பண்ற இடம். “செத்துப் போச்சு, வீணாப் போகாம ஆக்கிடலாம்”னு நினைக்கிறாங்களே, அங்கதான். தங்கச்சி, அம்மா எதையும் சமைக்கலதானே?

ஆறாம்நம்பர்_லயம்
இல்லக்கா. ரெண்டு அடி ஆழம் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சோம். ஆனா அந்தப் பெட்டையை அம்மா மடியில வெச்சிருந்தாங்க. இதைப் படிச்ச பிறகு அவங்களுக்குத் தினமும் காலை மாலை காய்ச்சல் பார்க்கிறேன். இதுவரைக்கும் ஒன்னும் இல்ல.

பால்காரர்_மகன்
அக்கா, ஒன்னு கேட்கிறேன். மாட்டுக்கு வராதுதானே? இந்தக் குட்டையிலதான் என் மாடும் தண்ணி குடிக்குது.

லேப்_அக்கா
நாலஞ்சு வருஷத்துக்கு முன்ன கேட்டிருந்தா மாட்டைப் பத்திக் கவலைப்படாதீங்கன்னு சொல்லியிருப்பேன். இந்த வைரஸ் அப்படியே நிக்கிறது இல்ல. 2024 மார்ச்ல அமெரிக்காவுல டெக்சஸ், கேன்சஸ் பண்ணைகள்ல மாடு தீனி குறைச்சு, பால் கெட்டியா சீம்பால் மாதிரி மஞ்சளா வந்துச்சு. பார்த்தா எச்5என்1. மூச்சுக்குழாய்ல இல்ல, மடியில. மாட்டு மடிச் செல்கள்ல வைரஸுக்குப் பிடி கிடைச்சிருக்கு. கறக்கிற இயந்திரம் வழியா ஒரு மடியில இருந்து இன்னொரு மடிக்குப் போச்சு. அந்தப் பண்ணைகள்ல பச்சைப் பாலைக் குடிச்ச பூனைகள் செத்துச்சு.

இது அங்க நடந்தது. உங்க மாட்டுக்கு இருக்குன்னு யாரும் எடுத்துக்க வேணாம். ஆனா காய்ச்சினா அந்த வைரஸ் சாகும். நம்ம வீடுகள்ல பாலைப் பொங்கக் காய்ச்சுற பழக்கம் இருக்கே, அதை விட்டுடாதீங்க.

பால்காரர்_மகன்
காய்ச்சாம யாருக்கும் ஊத்துறதில்லக்கா. ஆனா உண்மையைச் சொல்லணும். விடியக்காலை கறக்கும்போது என் சின்னப் பையன் பக்கத்துல தம்ளரோட நிப்பான். கறந்த சூட்டோட நுரையோட ஒரு தம்ளர், எங்க அப்பா எனக்குக் கொடுத்த மாதிரியே. மிச்ச நுரையைக் கொட்டாங்குச்சியில ஊத்தினா ரெண்டு பூனை வந்து நக்கும். நீங்க பூனைன்னு எழுதினதும் எனக்கு அந்தக் கொட்டாங்குச்சிதான் கண்ணு முன்னால வந்துச்சு. நாளையில இருந்து பையனுக்குக் காய்ச்சித்தான்.

ஆனா வாத்து விஷயத்துல நான் மாறல. அதைச் சொல்லிடறேன்.

ஆறாம்நம்பர்_லயம்
ரிசல்ட் வந்துடுச்சு. பறவைக் காய்ச்சல் இல்ல. வெள்ளைக்கழிச்சல்தான், நியூகாசல்னு எழுதியிருக்காங்க. அம்மாகிட்ட சொன்னதும் சாமி படத்துக்கு முன்னால விளக்கேத்தினாங்க.

பால்காரர்_மகன்
பார்த்தீங்களா அண்ணே! வாத்து பாவம் சும்மா பழி சுமந்துச்சு. தீர்மானத்தைக் கிழிச்சுப் போடுங்க.

குட்டைக்கரை_அண்ணன்
சந்தோஷம்தான், மனசார சொல்றேன். ஆனா தம்பி, இந்தத் தடவை இல்லங்கிறதால அடுத்த தடவையும் இல்லன்னு ஆகாது. அக்கா சொன்ன எந்த விவரமும் இந்த ரிசல்ட்டால மாறல. வாத்து அதே குட்டை, கோழி அதே கூடு.

லேப்_அக்கா
இதுல நான் அண்ணன் பக்கம் ஒரு அடி, தம்பி பக்கம் ஒரு அடி. வெள்ளைக்கழிச்சல் வைரஸும் வாத்துகிட்ட அடையாளம் காட்டாம இருக்கும், அதனால வாத்து இதுலயும் விடுதலை ஆகல. ஆனா வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து இருக்கு. கம்பத்துக் கோழிக்காகவே வெயில் தாங்குற ஒரு மருந்தைத் தீனியில கலந்து கொடுக்கலாமான்னு 1980-கள்ல நம்ம செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்துல ஆஸ்திரேலியாக்காரங்களோட சேர்ந்து ஆராய்ச்சி பண்ணாங்க. 29 கோழியும் செத்தது தடுப்பு மருந்து போடாததால. எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம்.

வாத்துக்கு ஹாங்காங் என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 1997-க்குப் பிறகு உயிர்க்கோழி விக்கிற கடைகள்ல உயிர் வாத்தையும் கூஸையும் கொண்டு வரக் கூடாதுன்னாங்க. அதுக்கப்புறம் காடையையும் பிரிச்சாங்க. கோழி விக்கிறதை நிரந்தரமா நிறுத்தல. மாசத்துல ஒரு நாள் கடையைக் காலி பண்ணிக் கழுவச் சொன்னாங்க. ஒன்னோட ஒன்னு கலக்கிறதைத்தான் வெட்டினாங்க.

தங்கச்சி, கோழிப் பக்கம் வலை அடிங்க. கோழிக்குக் குட்டைத் தண்ணி வேணாம், குழாய்த் தண்ணி வைங்க. நிழல்ல கிடக்கிற குளிர்ந்த தண்ணியில வைரஸ் ரொம்ப நாள் உயிரோட இருக்கும். வாத்துப் பக்கம் போன செருப்போட கோழிக் கூட்டுக்குள்ள போகக் கூடாது. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினா போதும், இந்த வைரஸ்களோட மேல்தோல் கொழுப்பு, சவுக்காரத்துக்குத் தாங்காது. புதுசா கோழி வாங்கினா ரெண்டு வாரம் தனியா வைங்க. பாசார்ல இருந்து கொண்டு வந்து அன்னைக்கே கூட்டுல விடறதை எத்தனையோ வீட்டுல பார்த்திருக்கேன்.

பெலண்டோக்_பையன்
இனிமே ஒரு கோழி செத்தாலும் ஆபீஸுக்கு போன் பண்ணுங்க. ஆடு மாடு அழிச்சிடுவாங்கன்னு பயந்து மறைக்கிற வீடு எங்க ஊர்லயும் இருந்துச்சு. வாத்தைத் தடை பண்ணினா மறைச்சு வளர்ப்பாங்க அண்ணே. மறைச்சு வளர்க்கிறவங்க போன் பண்ண மாட்டாங்க.

குட்டைக்கரை_அண்ணன்
கடைசி வரி என்னை யோசிக்க வைக்குது. ஆனா வலை அடிப்போம்னு சொல்லிட்டு ரெண்டு மாசத்துல கிழிஞ்சு தொங்குறதை இந்தத் தாமான்ல நிறைய பார்த்திருக்கேன்.

ஆறாம்நம்பர்_லயம்
அண்ணே, அம்மா நேத்தே கடைக்குப் போய் ரெண்டு ஜோடி ஜப்பான் செருப்பு வாங்கிட்டு வந்துட்டாங்க. நீலம் வாத்துக்கு, சிவப்பு கோழிக்கு. வாசல்ல ஆணி அடிச்சு மாட்டியிருக்காங்க. வலை மட்டும் பாக்கி. ஆள் இல்ல, தம்பி சிங்கப்பூர்ல இருக்கான்.

பால்காரர்_மகன்
ஞாயித்துக்கிழமை பால் ஊத்திட்டு எட்டு மணிக்கு வந்துடறேன் தங்கச்சி. மாட்டுக் கொட்டகைக்கு வாங்கின கம்பி வலை அரை சுருள் மிச்சம் இருக்கு, கம்பி வெட்டுற கத்தரியும் இருக்கு. கம்பத்துக்குப் பழைய செம்பனை மட்டை வேணாம், கரையான் அரிக்கும். இரும்புக் குழாய் நான் பார்த்துக்கிறேன்.

குட்டைக்கரை_அண்ணன்
கூட்டம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நாலு மணிக்கு நான் குட்டைக்கரைக்கு வந்து வலையைப் பார்ப்பேன். தீர்மானத்தை இன்னும் திரும்ப வாங்கல. பார்த்த பிறகுதான் எந்தப் பக்கம் கை தூக்குறதுன்னு முடிவு பண்ணுவேன்.